சத்தியசீலன் துப்பாக்கி பார்த்த கோடை

டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் கிருபாராணியைத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் கிடையாது. வேலை ஹாஸ்பிட்டல் லேபில். ஞாயிறு மத்தியானம் வாடகைச் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்பவள் அவள்தான். யார் வீட்டில் பிரசவம், யாருக்கு கிரீன் கார்டு இழுத்தடிக்கிறது, யார் பிள்ளை சொல்பேச்சுக் கேட்பதில்லை, எல்லாம் அவள் காதுக்கு வந்துதான் வெளியே போகும். எதற்கும் அசராதவள் என்று பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேரை அவளும் நம்பிக்கொண்டிருந்தாள், அவள் புருஷன் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரிக்கிற வரைக்கும்.

புருஷன் சிரித்தால் பெண்டாட்டிக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

சத்தியசீலன் டெலிகாம் கம்பெனி ஒன்றில் ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்தவர். பிப்ரவரியில் ஒரு வீடியோ காலில் கூப்பிட்டு, மிகவும் வருந்துகிறோம் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து மனிதர் வாயைத் திறக்கவில்லை. கார் கராஜில் மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முதலில் நிறைய அப்ளை பண்ணினார். மகள் வயசுப் பையன்கள் இன்டர்வியூவில் கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் பதிலே போடாமல் விட்டதும் அதையும் நிறுத்திவிட்டார். சவரம் நின்றது. சாப்பாடு இரண்டு கரண்டியில் நின்றது. மகள் ரெனிஷா ஆஸ்டின் காலேஜிலிருந்து போன் பண்ணினால், "அம்மாட்ட குடுக்குறேன்" என்பதோடு அவர் பேச்சு தீர்ந்துவிடும். கிருபாராணி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். "வேலைக்காக" என்று சர்ச்சில் ஜெப விண்ணப்பம் கொடுத்தாள். எல்லோரும் ஜெபித்தார்கள்.

மே மாதம் ஒரு சாயங்காலம் சத்தியசீலன் சவரம் பண்ணிக்கொண்டு சாப்பிட வந்தார். மீன் குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். பிறகு சிரித்தார்.

"ராணி, நான் ஒரு ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன்."

"என்னது?"

"ரைஃபிள். பயப்படாத, ட்வென்டி டூன்னு சின்ன குண்டு போடுறது. ரேஞ்ச்ல போய் பேப்பர்ல டார்கெட் ஷூட் பண்றதுக்கு."

"நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

"டெக்சாஸ்ல இருந்துகிட்டு எதுக்குன்னு கேக்குற பாரு. ஒரு ஹாபி வேணும்ல எனக்கு?"

நியாயமான பதில். தெருவில் பாதி வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. வேறு எவளாவது இருந்தால், மனுஷன் வாயைத் திறந்தாரே என்று அப்போதே முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் பண்ணியிருப்பாள். கிருபாராணி பண்ணவில்லை. எதிரே உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்த முகத்தில் அவள் பார்த்தது புருஷனின் சிரிப்பை அல்ல. எட்வின் அண்ணனின் சிரிப்பை.

எட்வின் அவளுடைய ஒரே அண்ணன். நாகர்கோவில் பக்கம் அவர்கள் ஊர். படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் பல மாதம் மச்சு அறையில் முடங்கிக் கிடந்தவன், ஒரு வாரம் திடீரென்று கீழே இறங்கி வந்து சிரித்துப் பேச ஆரம்பித்தான். செருப்பு வாங்க வேண்டும் என்றான். கிருபாராணியையும் கூட்டிக்கொண்டு வடசேரிக் கடைகளுக்குப் போனான். ஒரு கடையில் வார் கடிக்கிறது என்றான். அடுத்த கடையில் அடிப்பாகம் கனம் என்றான். இன்னொரு கடையில் போட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்து பார்த்து, தோலை முகர்ந்து பார்த்து, விலை பேசி வாங்கினான். பையன் தேறிவிட்டான் என்று அம்மா அன்றைக்கு அவியல் வைத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அந்தச் செருப்பு இரண்டும் ஊர்க் குளத்தின் கரையில் பக்கத்தில் பக்கத்தில், வாசலில் கழற்றி வைத்ததுபோல் ஒழுங்காக இருந்தன.

வழுக்கி விழுகிறவன் செருப்பைக் கழற்றிச் சேர்த்து வைத்துவிட்டு விழமாட்டான். ஊரே பார்த்தது. ஆனாலும் பொழுது சாய்வதற்குள் பெரியவர்கள் கூடி, கால் வழுக்கிவிட்டது என்று முடிவு பண்ணினார்கள். உள்ளதைச் சொன்னால் கோயில் மணி அடிக்காது, கல்லறைத் தோட்டத்தில் மூலையில்தான் இடம் என்கிற பயம். அடக்க ஆராதனையில் போதகர் "கால் தவறிய இந்தப் பிள்ளையை" என்று ஜெபித்தார். எல்லோரும் உரக்க ஆமென் சொன்னார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த கிருபாராணியும் சொன்னாள். அதோடு அந்த வீட்டில் அந்தப் பேச்சுக்கு மூடி போட்டாயிற்று. கல்யாணம் பேச வந்தவர்களிடம், மூத்தவன் குளத்தில் வழுக்கி விழுந்துட்டான் என்றுதான் அப்பா சொன்னார். சத்தியசீலனுக்கும் தெரிந்தது அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

ஆகவே, பல மாதம் ஊமையாக இருந்த ஆண்பிள்ளை திடீரென்று சிரித்து, கடைக்குப் போக வேண்டும் என்று சொன்னால், கிருபாராணிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும்.

அவரைத் தனியாக விடக்கூடாது என்று மட்டும் தீர்மானித்தாள். லீவு நாளெல்லாம் கூடவே போனாள். அந்தக் கோடை முழுக்க சத்தியசீலன் துப்பாக்கி பார்த்தார். பெண் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை நொட்டை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்றுக்கு பேரல் குழாய் மெல்லிசு, நாலு குண்டு போனதும் சூடாகிவிடும் என்றார். ஒன்றுக்கு ட்ரிகர் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். அழகான மரக்கட்டை போட்ட ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இந்த விலைக்கு வேலை போன மனுஷன் ஆசைப்படக் கூடாது என்று திரும்ப வைத்தார்.

ஃப்ரீவே ஓரத்தில் இருந்த கடைக்குத்தான் அடிக்கடி போனார்கள். அங்கே கவுன்ட்டரில் டார்லீன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். சத்தியசீலனைப் பார்த்ததும் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வருவாள். எதையும் விற்க அவசரப்பட்டதே இல்லை. இன்னும் யோசிங்கள், அடுத்த வாரம் வேறு ஒன்று வரும், அதையும் பாருங்கள் என்பாள். வியாபாரம் தெரியாத பொம்பிளை என்று கிருபாராணி நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் பாடம் நடக்கும்.

"ராணி, இதுக்கு ஏன் போல்ட் ஆக்‌ஷன் பெஸ்ட்டுன்னா, ஒரு தடவை சுட்டா தானா அடுத்த குண்டு ஏறாது. நாமதான் போல்ட்டுங்கற இரும்புத் தண்டைத் தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளணும். அவசரமே இல்ல. அதனாலதான் குறி நல்லா நிக்கும். கம்மி விலையிலயே நல்ல அக்யூரசி கிடைக்கும்."

"ம்."

"ட்வென்டி டூ குண்டு ரொம்ப சீப். ஆனா ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு பிராண்டுதான் பிடிக்கும், தெரியுமா? வாங்கி வாங்கி சுட்டுப் பாத்துதான் கண்டுபிடிக்கணும். ஐம்பது கெஜத்துல அஞ்சு ஓட்டையும் ஒரு காசுக்குள்ள விழணும். அதைத்தான் குரூப்ம்பாங்க."

கிருபாராணி வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்கக் கேட்க அவளுக்குள் ஒரு வாதம் ஓடும். சாகப் போகிறவருக்கு ஐம்பது கெஜத்தில் குறி எதற்கு? விலை கூடினால் என்ன, குறைந்தால் என்ன? ஓட்டைகள் காசுக்குள் விழ வேண்டும் என்று கவலைப்படுகிறவர் நாளைக்கும் இருக்க நினைக்கிறவர்தானே? இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் மூச்சு வரும். உடனே வடசேரிக் கடையில் எட்வின் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தது ஞாபகம் வரும். வார் கடிக்கிறது என்று அவன்கூடத்தான் கவலைப்பட்டான். வாதம் அங்கேயே செத்துவிடும்.

ஒரு நாள் கடையில் சத்தியசீலன் ஒரு துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கி, கட்டையில் கன்னத்தை வைத்து, திருப்தியாகச் சிரித்தார். கிருபாராணி கவுன்ட்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நின்றவன் எட்வின்தான். அதே ஓரப்பல், அதே சிரிப்பு. கண்ணை மூடித் திறந்ததும் புருஷன் நின்றார். "என்ன, தலை சுத்துதா?" என்று கேட்டார். "ஏசி ஜாஸ்தி" என்றாள்.

வீட்டு வாசலில் அவருடைய ஷூக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவளால் தாண்டிப் போக முடியாது. காலால் ஒன்றைத் தள்ளி, கோணலாக்கிவிட்டுத்தான் உள்ளே போவாள். அவர் அதைப் பார்த்து நேராக்கி வைப்பார். அவள் மறுபடி தள்ளுவாள். பைத்தியம் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் கால் கேட்கவில்லை.

கேட்டுவிட்டால் என்ன? ஹாஸ்பிட்டல் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு போஸ்டர் இருந்தது. ஒருவர் சாக நினைக்கிறாரோ என்று சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று எழுதியிருக்கும். தினம் அதைத் தாண்டித்தான் லேபுக்குப் போனாள். காபி கொடுக்கும்போது கேட்கலாம் என்று போவாள். "சர்க்கரை போதுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவாள். கேட்க வேண்டுமானால் எட்வினைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் செத்துப்போன அப்பா பொய்யர் ஆவார், போதகர் பொய்யர் ஆவார், அவளும் ஆவாள். அத்தனை வருஷத்து மூடியை எந்தக் கையால் திறப்பது?

ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையில் நீளமான அட்டைப்பெட்டி இருந்தது. திறந்தும் இருந்தது. சாதாரண மரக்கட்டை, கனத்த கறுப்பு பேரல். பக்கத்தில் சத்தியசீலன் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்.

"முடிவு பண்ணிட்டேன் ராணி. இதான். டார்லீன் இன்னும் பாருங்கன்னுதான் சொன்னாங்க. இதுக்கு மேல பாக்க ஒண்ணுமில்ல."

பார்க்க ஒன்றுமில்லை. கடை கடையாக அலைந்தவரை அவள் சகித்துக்கொண்டாள். அலைச்சல் முடிந்துவிட்டது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது அவரே சொன்னார். "ஜெபம் பண்ணிடலாமா?"

அந்த வீட்டில் எது புதிதாக வந்தாலும் அதன்மேல் கையை வைத்து ஜெபித்த பிறகுதான் தொடுவார்கள். காருக்கு ஜெபித்தார்கள், ஃப்ரிட்ஜுக்கு ஜெபித்தார்கள், குக்கரைக்கூட விட்டதில்லை. இதில் இன்னொரு வசதியும் உண்டு. இந்த மாதிரி வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நேராகச் சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிடலாம். கேட்க வேண்டியவர் பக்கத்தில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார், குறுக்கே பேச முடியாது. "ஆண்டவரே, இவரு அத்தைக்கு போன் பண்ண மறந்துடுறாரு, நீர் ஞாபகப்படுத்தும்" என்று கிருபாராணி ஜெபிப்பாள். தன் முறை வந்ததும் சத்தியசீலன், "ஆண்டவரே, நேத்தே பேசிட்டேன்னு உமக்குத் தெரியும்" என்பார். பாதிச் சண்டைகள் அந்த வீட்டில் அப்படித்தான் தீர்ந்தன.

இரண்டு பேரும் துப்பாக்கிமேல் கையை வைத்தார்கள். கண்ணை மூடினார்கள். பெண்டாட்டி முதலில் ஜெபிப்பது வழக்கம்.

"ஆண்டவரே," என்றாள் கிருபாராணி. வழக்கமாக அடுத்து வருவது ஸ்தோத்திரம். அது வரவில்லை. "ஆண்டவரே, இதுக்காக நன்றி சொல்ல எனக்கு வாய் வரலை. எங்க எட்வின் அண்ணன் வழுக்கி விழலைன்னு உமக்குத் தெரியும். செருப்பைக் கழட்டி சேர்த்து வச்சிட்டுத்தான் உள்ள போனான். நானும் கூடப் போய் வாங்கின செருப்பு. அந்த வாரம் பூரா சிரிச்சான் ஆண்டவரே, நாங்க சந்தோஷப்பட்டோம். என்னடா யோசிக்கிறன்னு ஒருத்தர் கேக்கலை. நானும் கேக்கலை. செத்தப்புறம் பொய் சொல்லிப் புதைச்சோம். அதுக்கு ஆமென் வேற சொன்னேன்."

அதோடு நிறுத்தவில்லை.

"இப்ப இவரும் சிரிக்கிறாரு. இவரும் சாகணும்னு இருக்காரா ஆண்டவரே? எனக்குத் தெரியணும். நீர் சொல்ல வேண்டாம். இவரு வாயால சொல்லணும்."

ஆமென் சொல்லாமல் விட்டாள். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தாள். கண்ணைத் திறக்கத் தைரியம் இல்லை.

"ஆண்டவரே," என்றார் சத்தியசீலன். "நான் முதல் தடவை அந்தக் கடைக்குப் போனது மே மாசம் இல்ல. ஏப்ரல்ல, இவளுக்குச் சொல்லாம போனேன். அன்னிக்கு எனக்கு எந்த ரைஃபிள்னு எல்லாம் இல்ல. ஏதோ ஒண்ணு. விலைகூடக் கேக்கலை. டார்லீன், இத வச்சு எதைச் சுடப் போறீங்கன்னு கேட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சு பேப்பர்னு சொன்னேன். அவங்க என் மூஞ்சியவே பாத்தாங்க. பேப்பர்னா நல்ல அக்யூரேட்டா வேணும், அதுக்கு நெறைய படிக்கணும், இன்னிக்கு உங்களுக்கு நான் எதுவும் விக்க மாட்டேன், படிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

கிருபாராணி துப்பாக்கிமேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"படிச்சேன் ஆண்டவரே. ஒண்ணைப் படிச்சா இன்னொண்ணு சந்தேகம் வந்துச்சு. நாளைக்கு அதைப் பாக்கணும், அடுத்த வாரம் இதைப் பாக்கணும்னு ஆச்சு. அப்படியே நாள் போச்சு. அந்தச் சிரிப்பு பொய் இல்ல. ஆனா இப்ப வாங்கியாச்சு. காலையில இருந்து இதைப் பாத்துகிட்டு நிக்கிறேன். நாளைக்கு எதைப் பாக்குறதுன்னு எனக்குத் தெரியலை. எனக்குப் பயமா இருக்கு."

பிறகு இரும்பு நகர்கிற சத்தம் கேட்டது. அவர் அவள் கையைத் திருப்பி, உள்ளங்கையில் எதையோ வைத்தார். விரலைப்போல் இரண்டு பங்கு நீளம், சில்லென்று, கனமாக. போல்ட். அது இல்லாமல் அந்தத் துப்பாக்கி வெறும் குழாயும் கட்டையும்தான் என்று அவரே மேசையில் பாடம் சொல்லியிருக்கிறார்.

"இதை இவகிட்ட குடுத்துட்டேன் ஆண்டவரே."

"ஆமென்," என்றாள் கிருபாராணி. எட்வினுக்குச் சேர வேண்டிய ஆமெனும் அதில் இருந்தது. சொல்லி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பிளஸ் டூவில் அழாததையும் சேர்த்து அழுதாள். சத்தியசீலன் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் அழுது ஓய்ந்ததும் அவர் கேட்டார். "போல்ட்டை எங்க வைப்ப?"

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"சொல்லாத," என்றார்.

அன்றைக்கே துப்பாக்கி பக்கத்துத் தெரு அச்சுதன் வீட்டு இரும்புப் பெட்டிக்குப் போனது. அச்சுதன் வேட்டைக்குப் போகிறவர், சத்தியசீலனின் பழைய ஆபீஸ் நண்பர். எதற்கு என்று அவர் கேட்டபோது சத்தியசீலன் உள்ளதைச் சொன்னார். அச்சுதன் மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் திறந்தார். திங்கள்கிழமை கிருபாராணி லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை தொடங்கியது. வாரம் ஒரு நாள் டாக்டர் சொன்ன ஆலோசகர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். ரெனிஷாவிடமும் மறைக்கவில்லை. அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, "தேங்க் யூ ஃபார் டெல்லிங் மீ" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டாள். கிருபாராணி ஒரு தடவை தனியாகக் கடைக்குப் போனாள். நன்றி சொல்ல வந்து கவுன்ட்டர் முன்னால் நின்றாள். டார்லீன் சுற்றிக்கொண்டு வந்து, அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டாள். வியாபாரம் தெரியாத பொம்பிளை என்று நினைத்ததற்காக கிருபாராணி மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தீரவில்லை. பக்கத்து ஊர் பிளானோவில் ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. சில சனிக்கிழமைகளில் டாக்டர் சரி என்றால் அச்சுதன் துப்பாக்கியைக் கொண்டுவருவார், கிருபாராணி போல்ட்டைக் கைப்பையில் கொண்டுவருவாள், மூன்று பேரும் ரேஞ்சுக்குப் போவார்கள். எந்தத் தோட்டா அந்த பேரலுக்குப் பிடிக்கும் என்று சத்தியசீலன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் பலமாகச் சிரிக்கிற நாளில் அவளுக்கு இன்றைக்கும் பின்னால் எட்வின் நிற்பது தெரிகிறது. அவன் போகவில்லை, போகப்போவதும் இல்லை. ஆனால் அவள் இப்போது கேட்டுவிடுகிறாள். "இன்னிக்கு எப்படிங்க? அந்த நினைப்பு வந்துச்சா?" சில நாள், "இல்ல" என்பார். சில நாள், "வந்துச்சு, போயிடுச்சு" என்பார். ஒரு நாள், "வந்துச்சு, இங்கயே உக்காரு" என்றார். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை.

போல்ட் இருக்கிற இடம் அவருக்குத் தெரியாது. ஊரில் அவள் அம்மா நகையை ஒளித்துவைத்தது மாதிரி, அரிசி டிரம்தான். ஜிப்லாக் பையில் சுற்றி அடியில் புதைத்திருக்கிறாள். அந்த மனிதர் இத்தனை வருஷத்தில் அந்த டிரம்மைத் திறந்ததே இல்லை. தினம் சாயங்காலம் உலை வைக்கும்போது மூடியைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை அரிசிக்குள் விடுகிறாள். விரல் தேடுகிறது. இரும்பு தட்டுப்படுகிற வரைக்கும் அவளுக்கு மூச்சு வருவதில்லை. தட்டுப்பட்ட பிறகுதான் உழக்கை எடுத்து, இரண்டு பேருக்கு அரிசி அளக்கிறாள்.